சலாரியாவும் பரமேஸ்வரனும்: அமைதி காக்கப் போனவர்கள் சுடலாமா?

இந்தியா கேட்டை ஒட்டியிருக்கும் தேசியப் போர் நினைவகத்துக்குள் ‘பரம் யோத்தா ஸ்தல்’ என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் குதுப்மினார், செங்கோட்டை, ஆர்.கே. புரம் மலை மந்திர் என்று சுற்றிக் காட்டும் டெல்லித் தமிழர்கள் இப்போது இந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டு சிலைகளின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். ஒருவர் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா: 1961 டிசம்பர் 5, காங்கோ. இன்னொருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்: 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணம். மற்றவர்கள் பாகிஸ்தானுடனோ சீனாவுடனோ நடந்த மோதல்களில் விருது பெற்றவர்கள். இந்த இருவர் மட்டும் அமைதி காக்க என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். இருவரும் சுட்டார்கள், இருவரும் அங்கேயே உயிரை விட்டார்கள்.

அமைதி காக்கப் போனவர் ஏன் சண்டை போட்டார் என்று கூட வரும் பிள்ளை கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அவங்க சுட்டாங்க, இவரும் சுட்டார்” என்பதுதான். அது பாதிப் பதில். சுட்டதாலேயே அமைதிப்படை தன் கொள்கையை விற்றுவிட்டது என்று சொல்வதும் பாதிப் பதிலே. துப்பாக்கி எதை நோக்கித் திரும்பியது, ஒரு செயலையா, ஒரு தரப்பையா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இந்தப் பதிவில் அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

ஐ.நா. அமைதிப்படைக்கு அடிப்படை மூன்று. மோதும் தரப்புகளின் சம்மதம் வேண்டும். பாரபட்சம் கூடாது. தற்காப்புக்கும், கொடுக்கப்பட்ட ஆணையைக் காப்பதற்கும் தவிர வேறெதற்கும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. இவை முதலில் ஏட்டில் பிறந்து பிறகு களத்துக்குப் போனவை அல்ல. 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை எகிப்துக்குப் போனது, இந்தியப் படையினரும் அதில் இருந்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து அன்றைய பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் 1958-இல் ஓர் அறிக்கை எழுதினார், இன்றைய கொள்கைகளின் வேர் அதில் இருக்கிறது. தாக்கினால் திருப்பிச் சுடலாம், நாமாக ஒருபோதும் தொடங்கக் கூடாது என்பது அன்றைய நிலை.

அந்த நிலை மெல்ல விரிந்தது. 1964-இல் சைப்ரஸுக்குப் படை போனபோது தற்காப்பு என்ற சொல்லுக்குள் இன்னும் சில சூழ்நிலைகள் வந்து சேர்ந்தன. 1973-இல் மறுபடியும் சினாய்க்குப் படை அனுப்பியபோது தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: ஆணைப்படி செய்ய வேண்டிய வேலையை யாராவது பலத்தால் தடுத்தால், அதை எதிர்ப்பதும் தற்காப்பே. ஆக, ‘சுடாதே’ என்பது அமைதிப்படையின் கொள்கையாக அதற்குப் பிறகு இருந்ததில்லை. எப்போது, எவ்வளவு, எதற்காக என்பதில்தான் கொள்கை இருக்கிறது.

அதைவிட அதிகமாகக் குழப்புவது பாரபட்சமின்மை என்ற சொல். பலர் இதை நடுநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் திறப்பது அவர் பொறுப்பு. வயல்காரர்களில் யார் பக்கமும் அவர் இல்லை. ஆனால் முறை மீறி நடுராத்திரியில் மடையைத் திறந்தவன் யாராக இருந்தாலும் மண்வெட்டியோடு போய் அடைத்துவிட்டு வருவார். அப்போது “நடுநிலையாக இருக்க வேண்டியவர் என்னிடம் மட்டும் ஏன் வந்தார்” என்று யாரும் கேட்பதில்லை. அதே நீர்க்கட்டி, இந்தக் குடும்பத்துக்கு இனித் தண்ணீரே கிடையாது என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால் அன்றே அவர் நீர்க்கட்டி இல்லை, எதிர்க்கட்சி. அமைதிப்படைக்கும் கோடு அங்கேதான் விழுகிறது.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஐ.நா. பட்டாலியன் என்பது பொதுவாக 850 பேர். ஒவ்வொரு வீரரின் சட்டைப் பையிலும் துப்பாக்கிப் பிரயோக விதிகள் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். விதிகளைப் புரட்டிப் பார்க்க அல்ல அந்த அட்டை. பார்க்காமலே சொல்லும்படி மனப்பாடம் ஆக வேண்டும் என்பதற்காக. இந்தியாவில் இதற்கான பயிற்சி 2000-இல் தொடங்கிய ஐ.நா. அமைதிகாப்பு மையத்தில், இங்கே டெல்லியிலேயே நடக்கிறது.

ஒரு சாலைத் தடுப்பை எடுத்துக்கொள்வோம். நாலைந்து ஆயுததாரிகள் மரத்தை வெட்டிப் போட்டு வழியை மறித்திருக்கிறார்கள். அமைதிப்படை ரோந்து வண்டி வருகிறது. முதலில் பேச்சு: நாங்கள் ஐ.நா., வழி விடுங்கள். அந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டும், கிழக்கு காங்கோவாக இருந்தால் சுவாஹிலியில். கேட்கவில்லையென்றால் ஆள்பலம் தெரியும்படி இறங்கி நிற்பது, கவச வண்டியை முன்னால் கொண்டுவருவது. பிறகு “நில், இல்லாவிட்டால் சுடுவேன்” என்ற எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அடுத்து, யார் மேலும் படாத திசையில் எச்சரிக்கைக் குண்டு. கடைசியில் குறிபார்த்துச் சுடுவது. அதுவும் ஆபத்தை நிறுத்தும் அளவுக்கு மட்டும். ஓடுகிறவனைத் துரத்திச் சுடக் கூடாது. சுட்டபின் எதிரிக்கும் முதலுதவி, உடனே அறிக்கை. எதிரே இருப்பவர் திடீரென்று சுட ஆரம்பித்துவிட்டால் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேராகச் சுட விதி அனுமதிக்கிறது. சுடும் நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தாலே போதும், முதல் குண்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘பகைச் செயல்’ என்றும் ‘பகை நோக்கம்’ என்றும் விதிகள் பிரித்துச் சொல்வது இதைத்தான்.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் விதிகள் களத்தில் ஏன் தடுமாறுகின்றன? முதல் தடை மொழி. மொழிபெயர்ப்பாளர் இல்லாத ரோந்தின் எச்சரிக்கை வெறும் கூச்சல். இரண்டாவது தடை தொலைபேசி. நீலத் தலைக்கவசம் போட்டிருந்தாலும் பட்டாலியன் தளபதிக்குச் சொந்த நாட்டுத் தலைநகரம் என்று ஒன்று இருக்கிறது. ஐ.நா. படைத் தளபதி “முன்னேறு” என்று சொன்னால், சில நாடுகளின் அதிகாரிகள் தங்கள் தலைநகரைக் கேட்டுவிட்டுத்தான் அசைவார்கள். எங்கே போகலாம், எதைச் செய்யக் கூடாது என்று நாடுகள் எழுத்திலும் எழுதாமலும் நிபந்தனை போடுகின்றன. மூன்றாவது, அடிபட்டவரை வெளியே எடுப்பது. காயம்பட்ட 10 நிமிடத்தில் முதலுதவி, 1 மணி நேரத்தில் உயிர்காப்பு சிகிச்சை, 2 மணி நேரத்தில் அறுவை என்பது ஐ.நா.வின் கணக்கு. ஹெலிகாப்டர் இரவில் பறக்காது, பறந்தாலும் அதன் கட்டுப்பாடு முழுக்கப் படைத் தளபதியிடம் இல்லை என்றால், எந்தத் தளபதியும் தன் ஆட்களை இருட்டில் அனுப்பத் தயங்கத்தான் செய்வார். இதைக் கோழைத்தனம் என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

2014-இல் ஐ.நா.வின் உள் கண்காணிப்பு அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாக அறிக்கைகளில் வந்த 507 சம்பவங்களில், உடனடியாக அமைதிப்படை நடவடிக்கை எடுத்தது 101 சம்பவங்களில். ஐந்தில் ஒன்று. பலத்தைப் பயன்படுத்த ஆணை அனுமதித்திருந்தும் கடைசிக் கட்டமாகக்கூட அது ஏறக்குறையப் பயன்படுத்தப்படவே இல்லை என்று அந்த அறிக்கை சொன்னது. அமைதிப்படை அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த எண்ணை முதலில் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி சலாரியா. 1960 ஜூலையில் காங்கோவுக்குப் போன ஐ.நா. படைக்கு முதலில் பெரிய சண்டை அதிகாரம் எதுவும் இல்லை. கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோனது, 1961 ஜனவரியில் நாட்டின் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார், வெளிநாட்டுக் கூலிப்படைகள் உள்ளே வந்தன. 1961 பிப்ரவரி 21-இல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 161-ஐ நிறைவேற்றியது: உள்நாட்டுப் போரைத் தடுக்க, கடைசி வழியாகப் பலத்தைப் பயன்படுத்தலாம். அடுத்த மாதம் இந்தியாவின் 99-ஆவது காலாட்படை பிரிகேட் போய்ச் சேர்ந்தது. நவம்பர் 24-இல் தீர்மானம் 169 கூலிப்படைகளை வெளியேற்றவும் பலத்தை அனுமதித்தது. பதினோரு நாள் கழித்து, எலிசபெத்வில் நகரில் ஐ.நா. தலைமையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே கட்டாங்கா ஆயுதப் போலீஸ் போட்டிருந்த தடுப்பை உடைக்கும் பணியில் சலாரியா இறங்கினார். அவரிடம் 16 கூர்க்கா வீரர்கள், ராக்கெட் லாஞ்சர். எதிரே சுமார் 90 பேர், இரண்டு கவச வண்டிகள். கழுத்தில் குண்டு பாய்ந்தும் சண்டையை விடவில்லை. தடுப்பு உடைந்தது, அவர் பிழைக்கவில்லை.

இதை மேலே சொன்ன கோட்டில் வைத்துப் பாருங்கள். விமான நிலையத்துக்குப் போகும் சாலை இல்லாமல் அந்தப் படைக்குச் சோறும் இல்லை, மருந்தும் இல்லை. தடுப்பு என்பது ஒரு செயல், அந்தச் செயலுக்கு எதிராகத்தான் துப்பாக்கி உயர்ந்தது. கட்டாங்காக்காரர்கள் தடுப்பை எடுத்திருந்தால் அன்று அவர்கள் மேல் ஒரு குண்டும் பாய்ந்திருக்காது. 1973-இல் எழுதிவைத்த விளக்கத்துக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த எடுத்துக்காட்டு அது. ஆனால் காங்கோ முழுவதையும் இதே வெளிச்சத்தில் பார்க்க முடியாது. இந்திய விமானப்படையின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் கட்டாங்காவின் கோல்வேசி விமானத் தளத்தைத் தாக்கின. 1962 டிசம்பர் கடைசியில் ஐ.நா. படை தொடங்கிய ‘கிராண்ட் ஸ்லாம்’ நடவடிக்கையில், 1963 ஜனவரிக்குள் கட்டாங்காவின் பிரிவினையே முடிந்துபோனது. ஒரு தரப்பின் அரசியல் நோக்கத்தையே படைபலம் முடித்துவைத்தபின், செயலுக்கு எதிராக மட்டும்தான் சுட்டோம் என்று சொல்ல முடியாது. பிரான்ஸும் சோவியத் ஒன்றியமும் இந்தப் படைக்குப் பணம் தர மறுத்தன. 1962 ஜூலை 20-இல் சர்வதேச நீதிமன்றம் 9-க்கு 5 என்ற கணக்கில், இது எந்த நாட்டுக்கும் எதிரான கட்டாய நடவடிக்கை இல்லை, செலவை ஐ.நா. செலவாகவே கொள்ளலாம் என்றது. ஐந்து நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதே கோடு எவ்வளவு மங்கலாக இருந்தது என்று காட்டுகிறது. அந்தப் படையில் இறந்தவர்கள் 250 பேர். அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஐ.நா. அப்படியொரு சண்டைப் படையை அனுப்பவில்லை.

சுடாமல் இருந்ததால் கொள்கை செத்த இடங்களையும் சொல்லியாக வேண்டும். 1994 ஏப்ரல் 11, ருவாண்டா தலைநகர் கிகாலி. ஒரு தொழிற்பள்ளியில் ஐ.நா. படையிலிருந்த பெல்ஜியப் படையினரை நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே கொலைகாரர்கள் காத்திருந்தார்கள். படையினர் வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து பாதுகாப்பு கவுன்சில் அந்தப் படையையே சுமார் 270 பேராகக் குறைத்தது. போஸ்னியாவில் 1993-இல் ஸ்ரெப்ரெனிட்சாவைப் ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்தார்கள். அறிவித்த பகுதிகளைக் காக்க 34,000 பேர் வேண்டும் என்று ஐ.நா. செயலகம் கணக்குக் கொடுத்தது. கவுன்சில் ஒப்புக்கொண்டது 7,600. 1995 ஜூலை 11-இல் நகரம் விழுந்தபோது அங்கே இருந்தது சில நூறு டச்சு வீரர்கள். அடுத்த சில நாட்களில் 7,000-க்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து மக்களை ஓரிடத்தில் கூட வைத்துவிட்டு, வாக்கைக் காக்க ஆளும் ஆயுதமும் தராமல் விட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பாவத்தில் பெரும் பங்கு எண்ணிக்கையைக் குறைத்தவர்களுக்கு, நியூயார்க் மேசைக்கு.

இந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகு ஊசல் மறுபக்கம் போனது. 1999 அக்டோபரில் சியரா லியோன் படைக்குக் கொடுத்த தீர்மானம் 1270-இல்தான் பொதுமக்களைக் காக்கும் கடமை முதன்முதலாக வெளிப்படையாக எழுதப்பட்டது. 2000 மே மாதம் அங்கே சுமார் 500 அமைதிப்படையினரைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துவைத்தார்கள். கைலாஹுன் என்ற ஊரில் கூர்க்கா வீரர்கள் 75 நாள் முற்றுகையில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை, இடைத்தரகர், உணவுப் பேரம் எல்லாம் முடிந்தபிறகு, ஜூலை 15-இல் மேஜர் ஜெனரல் ஜெட்லி தலைமையில் ‘ஆபரேஷன் குக்ரி’ நடந்தது. அவர்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். இதைக் கொள்கைத் துரோகம் என்று சொன்னவர்கள் குறைவு, சொல்லவும் முடியாது. தற்காப்பு என்ற சொல்லின் மிகப் பழைய பொருளே அதுதான்.

கோட்டைத் தெரிந்தே தாண்டியது 2013-இல், மறுபடியும் காங்கோவில். 2012 நவம்பர் 20-இல் எம்23 என்ற ஆயுதக்குழு கோமா நகரத்தைப் பிடித்தது. அப்போது ஐ.நா. படை அந்த நகரத்திலேயே இருந்தது, தடுக்கவில்லை. அந்த அவமானத்தின் விளைவு 2013 மார்ச் 28-இல் வந்த தீர்மானம் 2098. மூன்று காலாட்படை பட்டாலியன்கள், ஒரு பீரங்கிப் பிரிவு, ஒரு சிறப்புப் படை மற்றும் உளவுக் கம்பெனி. தான்சானியா, தென்னாப்பிரிக்கா, மலாவி நாடுகளிலிருந்து சுமார் 3,000 பேர். இந்தத் ‘தலையீட்டு பிரிகேட்’டின் வேலை ஆயுதக் குழுக்களைச் ‘செயலிழக்கச் செய்வது’. எந்தக் குழுக்கள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். அதே தீர்மானம், இது விதிவிலக்கு, முன்னுதாரணம் ஆகாது, அமைதிகாப்புக் கொள்கைகளுக்குப் பாதகம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டது. பாதகம் இல்லாத ஒன்றுக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டிருக்காது.

முதல் வெற்றி சீக்கிரமே வந்தது. காங்கோ ராணுவத்தோடு சேர்ந்து பீரங்கியும் தென்னாப்பிரிக்க ரூயிவால்க் ஹெலிகாப்டர்களும் இறங்கியதும் 2013 நவம்பரில் எம்23 சரணடைந்தது. கோமாவில் இருந்த மக்களுக்கு அது நிஜமான நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. பட்டியலில் இருந்த இன்னொரு பெயர் எஃப்டிஎல்ஆர், ருவாண்டாவில் டுட்சி இனத்தவரைப் படுகொலை செய்தவர்களின் மிச்சசொச்சம் உள்ள ஹூட்டு இனக் குழு. அதன்மேல் அதே வேகத்தில் நடவடிக்கை வரவில்லை. காங்கோ அரசு அந்த நடவடிக்கைக்கு நியமித்த இரண்டு ஜெனரல்கள் மேல் மனித உரிமைக் குற்றச்சாட்டு இருந்ததால் 2015-இல் ஐ.நா. அதில் சேராமல் விலகியது. காரணம் நியாயமானதுதான். ஆனால் களத்தில் இருந்தவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே: டுட்சி தலைமையிலான எம்23-ஐ அடித்தார்கள், ஹூட்டு குழுவை விட்டார்கள். எதிரியைப் பெயர் சொல்லி எழுதிவிட்டால் பட்டியலில் உள்ள எல்லோரையும் ஒரே அளவாக அடித்தாக வேண்டும். அது எந்தப் படையாலும் முடியாது. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கும் கோளாறு இது, செயல்படுத்தியவர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டால் தீராது.

சட்டத்திலும் விலை உண்டு. 1994-இல் ஏற்பட்ட ஐ.நா. பணியாளர் பாதுகாப்பு உடன்படிக்கை அமைதிப்படையைத் தாக்குவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் படையினர் போராளிகளாக இறங்கும் கட்டாய நடவடிக்கைகளுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டமும் அமைதிப்படையைத் தாக்குவதைப் போர்க்குற்றம் என்கிறது, அவர்கள் பொதுமக்களுக்குரிய பாதுகாப்புக்குத் தகுதியாக இருக்கும் வரையில். 1999 ஆகஸ்டில் பொதுச் செயலாளர் வெளியிட்ட அறிக்கை இன்னும் நேரடியாகச் சொன்னது: சண்டையில் இருக்கும் நேரம் வரைக்கும் ஐ.நா. வீரரும் போர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அதாவது, தொடர்ந்து சண்டை போடும் பிரிகேட்டின் வீரரைச் சுடுவது குற்றமா என்பதே விவாதத்துக்கு உரியதாகிவிடுகிறது. பக்கத்து முகாமில் சாலை போட்டுக்கொண்டிருக்கும், மருத்துவமனை நடத்திக்கொண்டிருக்கும் வேறு நாட்டு நீலத் தலைக்கவசமும் அதே நிறம்தான். புதருக்குள் இருந்து பார்க்கிறவன் பிரிகேட் எண்ணைப் படித்துப் பார்த்துச் சுடுவதில்லை. கோமா இருக்கும் வட கிவு மாகாணத்தில் பல ஆண்டுகளாகப் படை வைத்திருந்த இந்தியாவுக்கு இது நேரடி ஆபத்து. சண்டைப் பணியையும் அமைதிப் பணியையும் ஒரே குடையின் கீழ் வைப்பதை இந்தியா எதிர்த்து வந்ததற்கு அதுவே போதுமான காரணம். 2017 டிசம்பரில் அதே மாகாணத்தின் செமுலிக்கி முகாமில் ஒரே இரவில் குறைந்தது 14 தான்சானிய வீரர்கள் இறந்தார்கள். 2021 கடைசியில் எம்23 மீண்டும் தலைதூக்கியது. 2025 ஜனவரியில் கோமாவை இரண்டாம் முறை பிடித்தது.

சம்மதம் இல்லாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று இந்தியாவுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கொரியாவுக்கு 1950-இல் இந்தியா அனுப்பியது சண்டைப் படை இல்லை, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், நம்மூர்க்காரர், மகாவீர் சக்ரா பெற்றவர். போர் நின்றபின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காக்க 1953-இல் இந்தியப் பாதுகாப்புப் படை போனது. ஒரு பக்கம் 22,000-க்கும் மேல், மறுபக்கம் 359 கைதிகள். இந்தியர்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அறிவித்துவிட்டார். சரி என்று கால் வைக்கவே இல்லை. இன்சோன் துறைமுகத்திலிருந்து ராணுவமற்ற பகுதிக்கு அமெரிக்க ஹெலிகாப்டர்களில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்கள். இரு பக்கமும் போக விரும்பாத 88 கைதிகள் கடைசியில் இந்தியாவுக்கே வந்தார்கள்.

முப்பத்து நாலு ஆண்டு கழித்து அந்தக் கவனம் எங்கே போனது? 1987 ஜூலை 29-இல் கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்துகள்: ராஜீவ் காந்தி, ஜெயவர்தனே. ஆயுதம் ஏந்தியிருந்த முக்கியத் தரப்பான விடுதலைப் புலிகளின் கையெழுத்து இல்லை. 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். இணைப்பில் ஒரு வரி: சண்டை நிறுத்தத்தை ‘உறுதிசெய்யவும் அமல்படுத்தவும்’ இந்திய அமைதிப்படையை இலங்கை அதிபர் அழைக்கலாம். ‘அமல்படுத்த’ என்ற ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் கொடுத்த நாடே அமைதிப்படையும் அனுப்புகிறது. அழைக்கும் உரிமை மோதும் இரு தரப்புகளில் ஒன்றிடம் மட்டும் இருக்கிறது. மற்றத் தரப்பைக் கேட்கவேயில்லை. தேவைப்பட்டால் பலத்தால் அமல். ஐ.நா. தீர்மானம் எதுவும் இதற்கு இல்லை. மூன்று கொள்கைகளில் முதல் இரண்டும் ஒப்பந்தக் காகிதத்திலேயே இல்லாமல் போயிருந்தன. அக்டோபர் 10-ஐ ஒட்டி, புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியபோது மூன்றாவதும் போனது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை எந்த அமைதிகாப்பு விதியாலும் நியாயப்படுத்த முடியாது. இந்தியத் தரப்பில் ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பி வரவில்லை. 1989 ஜூன் 1-இல் புதிய அதிபர் பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் வெளியேறுங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். அழைத்த ஒரே தரப்பின் சம்மதமும் அன்றோடு முடிந்தது. கடைசி வீரர் கப்பலேறியது 1990 மார்ச் 24.

பரமேஸ்வரனை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதம் இறக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. 8 மஹார் பட்டாலியனின் தேடுதல் குழுவோடு போனார். திரும்பும் வழியில் இரவில் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். அவர் தன் ஆட்களோடு பின்பக்கமாகச் சுற்றி வந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பட்டது; தன்னைச் சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டார், சாகும் வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். பதுங்கித் தாக்கியவனைத் திருப்பிச் சுடுவது 1958-இன் மிகக் குறுகிய வரையறைப்படியும் தற்காப்பு. அவர் கையிலிருந்த துப்பாக்கி எந்தக் கொள்கையையும் மீறவில்லை. அவரை அந்த வீட்டுக்கு அனுப்பிய நடவடிக்கை மட்டும் ஒரு செயலைத் தடுக்கப் புறப்பட்டதில்லை. ஒரு தரப்பை அடக்கப் புறப்பட்டது, அதுவும் அந்தத் தரப்பு எந்தக் காகிதத்திலும் ஒப்புக்கொள்ளாத நிலையில். சலாரியா நின்ற தடுப்பில் வீரரின் துப்பாக்கியும் நடவடிக்கையின் நோக்கமும் ஒன்றாக இருந்தன. கந்தரோடையில் இரண்டும் பிரிந்துபோயின. அப்படிப் பிரித்த வரிகளை எழுதியவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் மேசைகளில் இருந்தார்கள்.